கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தவரையே ஏன் அனுப்பினார்கள்? டிஃபெண்டர் மால்தினி டைரக்டர் ஆன கதையும், தமிழ்நாட்டுக்கு அதில் உள்ள பாடமும்

ஒரு கிளப் 11 வருஷமாக ஜெயிக்காத லீக் கோப்பையை ஜெயிக்க வைத்தவர் அவர். அடுத்த ஆண்டே அவரைக் கூப்பிட்டு, "நன்றி, நீங்கள் போகலாம்" என்று அனுப்பினால் எப்படி இருக்கும்?

இத்தாலியின் ஏசி மிலன் கிளப்பில் இதுதான் நடந்தது. அனுப்பப்பட்டவர் பாவ்லோ மால்தினி. உலகத்தின் மிகச் சிறந்த டிஃபெண்டர்களில் ஒருவர் என்று பேசப்படுபவர். 25 சீசன் ஒரே கிளப்புக்கு ஆடியவர். பிறகு அதே கிளப்பின் டைரக்டராக வந்து கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர்.

ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு மொபைலில் சாம்பியன்ஸ் லீக் பார்க்கும் தர்மபுரி, சேலம் பசங்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. ஆனால் ஆடி முடித்த ஒரு வீரர் கிளப்பை நடத்தப் போனால் என்ன ஆகும், அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கும் என்பது நம்ம ஊரில் அதிகம் பேசப்படாத விஷயம். தமிழ்நாட்டு கிளப்கள் தடுமாறும் இந்த நேரத்தில் அதைப் பேசுவது அவசியம்.

சுருக்கமாக:

• மால்தினி 2018ல் மிலன் நிர்வாகத்துக்கு வந்தார், 2019ல் டெக்னிக்கல் டைரக்டர் ஆனார்.
• 2022 மே மாதம் மிலன் இத்தாலி லீக் சாம்பியன்.
• 2022 ஆகஸ்டில் கிளப் கைமாறியது.
• 2023 ஜூனில் மால்தினி நீக்கம்.
• 2024-25 சீசனில் மிலன் 8வது இடம். ஐரோப்பியப் போட்டிகளில் இடம் இல்லை.

யார் இந்த மால்தினி?

1968ல் மிலன் நகரில் பிறந்தவர். அப்பா செசாரே மால்தினியும் டிஃபெண்டர்தான். 1963ல் மிலன் முதல் முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டனாக இருந்தவர் அவர்.

மகன் 1985 ஜனவரியில், 16 வயதில் மிலனுக்காகக் களமிறங்கினார். 2009ல் ஓய்வு பெற்றார். இடையில் வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. மொத்தம் 902 ஆட்டங்கள், 7 லீக் பட்டங்கள், 5 ஐரோப்பியக் கோப்பைகள். இத்தாலி அணிக்காக 126 ஆட்டங்கள்.

உலகக் கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 1994 இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலி தோற்றது.

அவர் ஆடிய காலத்து மிலன் தடுப்பு வரிசை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 1993-94 சீசனில் 34 லீக் ஆட்டங்களில் மிலன் வாங்கிய கோல்கள் வெறும் 15.

தடுப்பாட்டம் என்றால் காலை நீட்டி பந்தைப் பறிப்பது மட்டும் இல்லை. பந்து எங்கே வரப் போகிறது என்று முன்கூட்டியே பார்த்து அங்கே போய் நிற்பதுதான் பாதி வேலை. தான் ஓடுவதோடு பக்கத்தில் இருப்பவரையும் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு தப்பு செய்தால் கோல். நூறு தடவை சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கிளப் டைரக்டர் வேலையும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

டைரக்டர்னா என்ன வேலை?

ஒரு பெரிய கால்பந்து கிளப்பில் பொதுவாக நாலு அடுக்கு இருக்கும்.

• முதலாளி: பணம் போடுபவர். தனி ஆளாக இருக்கலாம், முதலீட்டு நிறுவனமாகவும் இருக்கலாம்.
• தலைமைச் செயல் அதிகாரி: வரவு செலவு, ஸ்பான்சர், ஸ்டேடியம், ஒப்பந்தம் எல்லாம் பார்ப்பவர்.
• டெக்னிக்கல் டைரக்டர் அல்லது ஸ்போர்ட்டிங் டைரக்டர்: எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது, யாரைப் பயிற்சியாளராகப் போடுவது, அகாடமி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பார்ப்பவர்.
• பயிற்சியாளர்: கையில் இருக்கும் வீரர்களை வைத்து ஆட்டத்தை ஜெயிக்க வேண்டியவர்.

பயிற்சியாளர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யோசிப்பார். டைரக்டர் அடுத்த மூணு வருஷத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பயிற்சியாளர் போனாலும் அணியின் பாதை மாறாமல் இருக்க இந்த டைரக்டர்தான் காரணமாக இருக்க முடியும்.

சிக்கலும் இங்கேதான். பொறுப்பு டைரக்டர் தலையில், பணம் முதலாளி கையில். இரண்டுக்கும் நடுவில் யார் கடைசி முடிவை எடுப்பது என்று எழுதி வைக்காவிட்டால் ஒருநாள் முட்டிக்கொள்ளும்.

9 வருஷம் ஏன் வெளியே இருந்தார்?

ஓய்வு பெற்ற உடனே மிலன் அவருக்குப் பதவி கொடுக்கவில்லை. 2009ல் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தின்போதே தீவிர ரசிகர்களில் ஒரு கூட்டம் அவரைக் கேலி செய்து விசில் அடித்தது. அந்தக் கூட்டத்தோடு அவர் ஒருபோதும் ஒட்டி உறவாடியதில்லை.

2015ல் அமெரிக்காவில் மயாமி எஃப்சி என்ற கிளப்பின் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் ஆனார். அங்கே பயிற்சியாளராக வந்தவர் அவருடைய பழைய ஜோடி, அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா. சென்னை ரசிகர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகவே தெரியும். அதற்கு முந்தைய ஆண்டுதான் நெஸ்டா சென்னையின் எஃப்சி சட்டையில் ஆடியிருந்தார்.

2016ல் மிலனை சீன முதலீட்டாளர்கள் வாங்க வந்தபோது மால்தினிக்கு அழைப்பு போனது. அவர் மறுத்துவிட்டார். தன் அதிகாரத்தின் எல்லை எது, வீரர்கள் விஷயத்தில் இன்னொருவரோடு கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது நிற்கும் என்பது தெளிவாக இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

பேருக்கு நாற்காலியில் உட்கார அவர் தயாராக இல்லை. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

2018: எந்த நிலையில் உள்ளே வந்தார்?

சீன முதலாளி கடன் வாங்கித்தான் மிலனை வாங்கியிருந்தார். தவணையைக் கட்ட முடியாமல் போனதும், 2018 ஜூலையில் கடன் கொடுத்த அமெரிக்க நிறுவனமான எலியட்டின் கைக்கு கிளப் போனது. வட்டிக்குப் பணம் கொடுத்தவரிடமே கடை போன மாதிரி.

அந்த ஆகஸ்டில் மால்தினி உள்ளே வந்தார். அவரை அழைத்து வந்தவர் முன்னாள் மிலன் வீரர் லியோனார்டோ. 2019ல் லியோனார்டோ விலக, மால்தினி டெக்னிக்கல் டைரக்டர் ஆனார்.

அப்போது கிளப்பின் நிலைமை மோசம். நிதி விதிகளை மீறியதற்காக 2019-20 யூரோப்பா லீக்கில் ஆட முடியாமல் போனது. 2019-20 நிதியாண்டின் நஷ்டம் மட்டும் சுமார் 19.5 கோடி யூரோ. பெரிய சம்பளம் கொடுத்து பெரிய ஸ்டார்களை வாங்கும் வழி அடைபட்டுவிட்டது.

ஆக, மால்தினிக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான்: செலவைக் குறை, வயசைக் குறை, ஆனால் அணியை மேலே கொண்டு வா.

எதை வாங்கினார், எதை விட்டார்?

இந்த இடத்தில்தான் டிஃபெண்டர் கண் வேலை செய்தது.

• தியோ ஹெர்னாண்டஸ்: ரியல் மாட்ரிட்டில் வாய்ப்பு கிடைக்காமல் இருந்த இடது பின்கள வீரர். சுமார் 2 கோடி யூரோ. மால்தினியே நேரில் போய்ப் பேசி அழைத்து வந்தார். மால்தினி ஆடிய அதே இடது பக்கம்.
• பியர் கலுலு: பிரான்சின் லியோன் கிளப்பில் முதல் அணிக்கே ஆடாத பையன். 5 லட்சம் யூரோவுக்கும் குறைவு. பட்டம் வென்ற சீசனில் நடுத் தடுப்பில் நின்றவர்.
• ஃபிகாயோ டொமோரி: செல்சியில் இடம் இல்லாமல் இருந்தவர். முதலில் கடனாக வந்தார், பிறகு வாங்கப்பட்டார்.
• மைக் மேன்யான்: கோல்கீப்பர் டொன்னருமா 2021ல் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு யூரோகூட வராமல் போனபோது, அவர் இடத்துக்கு முன்கூட்டியே பார்த்து வைக்கப்பட்டவர்.
• ரஃபேல் லியாவோ, பென்னாசர், டொனாலி: இளம் வயதிலேயே வாங்கப்பட்டவர்கள்.

கூடவே ஸ்லாடன் இப்ராஹிமோவிச், சிமோன் கியர், ஒலிவியர் ஜிரூ என்று சில பெரியவர்கள். வீடு முழுக்க இளசுகள் இருந்தால் அதட்ட ஒரு பெரியப்பா வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கு.

இன்னொரு பக்கம், சம்பள வரம்பை மீறமாட்டோம் என்று பிடிவாதமாக நின்றதால் டொன்னருமா, சால்ஹனோலு, கெஸ்ஸியே ஆகியோர் விற்பனைப் பணம் எதுவும் வராமலேயே கிளப்பை விட்டுப் போனார்கள். இதை விமர்சிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களை அப்போதே விற்றிருந்தால் கோடிக்கணக்கில் வந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருவருக்கு வரம்பை உடைத்தால் அடுத்த வருஷம் பத்து பேர் அதையே கேட்பார்கள் என்பதும் உண்மைதான்.

5-0 தோல்வியில் இருந்து சாம்பியன் வரை

பாதை நேராகப் போகவில்லை. 2019ல் பயிற்சியாளராகப் போடப்பட்ட ஜியாம்பவ்லோவை 7 லீக் ஆட்டங்களிலேயே மாற்ற வேண்டி வந்தது. அடுத்து வந்தவர் ஸ்டெஃபானோ பியோலி. அவர் பொறுப்பேற்கும் முன்பே "பியோலி அவுட்" என்று சமூக வலைதளத்தில் டிரெண்ட் ஆனது. அதே டிசம்பரில் அட்டலாண்டாவிடம் மிலன் 5-0 என்று தோற்றது.

இதற்கிடையில் நிர்வாகத்தின் ஒரு பகுதி ஜெர்மனியின் ரால்ஃப் ராங்னிக்கைக் கொண்டு வர பேச்சு நடத்தியது. பயிற்சி, வீரர் தேர்வு இரண்டும் அவர் கையில் என்பது திட்டம். அதாவது மால்தினியின் நாற்காலியும் சேர்த்து. இது தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று பேட்டியில் போட்டு உடைத்த சக நிர்வாகி ஸ்வோனிமிர் போபான், 2020 மார்ச்சில் வேலையை இழந்தார்.

மால்தினி அமைதியாக இருக்கவில்லை, ஆனால் விட்டுவிட்டும் போகவில்லை. கொரோனா இடைவேளைக்குப் பிறகு லீக் மறுபடி தொடங்கியபோது மிலன் ஒரு லீக் ஆட்டத்தில்கூட தோற்கவில்லை. 2020 ஜூலையில் ராங்னிக் திட்டம் கைவிடப்பட்டது. பியோலிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

2020-21ல் 2வது இடம். 7 ஆண்டுகளுக்குப் பிறகு சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பினார்கள். 2022 மே 22ல் சசுவோலோவை 3-0 என வீழ்த்தி மிலன் சாம்பியன் ஆனது. மிலன் 86 புள்ளிகள், இன்டர் 84. மால்தினியின் மகன் டேனியலும் அந்த அணியில் இருந்தார். தாத்தா, அப்பா, பேரன் என மூணு தலைமுறை லீக் பட்டம்.

நிதிக் கணக்கும் மாறியது. 19.5 கோடி யூரோ நஷ்டத்தில் இருந்த கிளப், 2022-23ல் சுமார் 60 லட்சம் யூரோ லாபம் காட்டியது. 2006க்குப் பிறகு முதல் லாபம். இது மால்தினியால் மட்டும் வந்ததில்லை. செயல் அதிகாரி இவான் கஸிடிஸ் தலைமையிலான நிதிக் குழுவுக்கும் பெரிய பங்கு உண்டு. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனதில் வந்த பணமும் கை கொடுத்தது.

அப்புறம் ஏன் அனுப்பினார்கள்?

பட்டம் வென்ற ஒரு மாதத்திலேயே அறிகுறி தெரிந்தது. மால்தினியின் ஒப்பந்தம் 2022 ஜூன் 30ல் முடிகிறது. அது கடைசி நாளில்தான் புதுப்பிக்கப்பட்டது. சாம்பியன் அணியின் டைரக்டருக்கே கடைசி நாள் வரை இழுத்தடிப்பு.

ஆகஸ்ட் 31ல் எலியட் நிறுவனம், அமெரிக்காவின் ரெட்பேர்ட் நிறுவனத்துக்கு கிளப்பை விற்றது. விலை சுமார் 120 கோடி யூரோ. ரெட்பேர்டின் தலைவர் ஜெரி கார்டினாலே. தரவுகளை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நம்பிக்கை உள்ளவர். பேஸ்பாலில் "மனிபால்" முறைக்குப் பேர் போன பில்லி பீனோடு சேர்ந்து தொழில் செய்தவர்.

புதிய முதலாளி தரப்பின் வாதத்தை நியாயமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 2022 கோடையில் மால்தினி தரப்பு பெல்ஜியத்தின் சார்ல்ஸ் டி கெட்டலாரேவுக்காக 3 கோடி யூரோவுக்கு மேல் செலவு செய்தது. 40 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. இரண்டாவது, 2022-23ல் மிலன் லீக்கில் 4வது இடம் பிடித்ததே யுவென்டஸுக்கு 10 புள்ளிகள் வெட்டப்பட்டதால்தான். மூன்றாவது, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஊர்க்காரர்களான இன்டரிடம் 2-0, 1-0 என இரண்டு ஆட்டத்திலும் தோல்வி.

மால்தினி தரப்பு வாதமும் வலுவானதுதான். அணியை இன்னும் மேலே கொண்டு போக முதலீடு வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குறைந்த செலவில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனதே பெரிய விஷயம் என்பது அவர் ஆதரவாளர்கள் பேச்சு.

2023 ஜூன் 2ல் லியாவோவின் ஒப்பந்தம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. அணியின் மிகப்பெரிய சொத்தைக் கிளப்பில் தக்க வைத்த வேலை. நாலே நாளில், ஜூன் 6ல், மால்தினி நீக்கம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அவரோடு வேலை பார்த்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் மஸ்ஸாராவும் வெளியே.

அடிப்படைச் சண்டை ஒரு வீரரைப் பற்றியது இல்லை. கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் சண்டை. 2016ல் எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று மால்தினி வர மறுத்தாரோ, அதே கேள்வியில்தான் 2023ல் வெளியேறினார்.

அவர் போனபின் மிலன் என்ன ஆனது?

அந்த ஜூலையிலேயே டொனாலி 6 கோடி யூரோவுக்கு மேல் நியூகாசிலுக்கு விற்கப்பட்டார். அந்தப் பணத்தில் புலிசிச், ரெய்ண்டர்ஸ் உள்ளிட்ட பலர் வாங்கப்பட்டார்கள். இந்த இரண்டும் நல்ல தேர்வுகள் என்பதை மறுக்க முடியாது. 2023-24ல் மிலன் 2வது இடம் பிடித்தது. ஆனால் சாம்பியன் இன்டருக்கும் மிலனுக்கும் 19 புள்ளி இடைவெளி.

2024-25ல் சரிவு. நடு சீசனில் பயிற்சியாளர் மாற்றம், கடைசியில் 8வது இடம். 2025ல் மிலன் என்ன செய்தது தெரியுமா? இகிலி தாரே என்பவரை ஸ்போர்ட்டிங் டைரக்டராகப் போட்டது. அவரும் முன்னாள் கால்பந்து வீரர்தான். கூட்டாக முடிவெடுப்போம், தனி டைரக்டர் தேவையில்லை என்ற பாதை இரண்டு வருஷத்தில் திரும்பிய இடம் இதுதான்.

அதற்காக மால்தினி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அவர் வாங்கிய டி கெட்டலாரே, பின்னர் அட்டலாண்டா போய் நன்றாக ஆடி, 2024ல் யூரோப்பா லீக் கோப்பையும் வென்றார். அப்படியென்றால் வீரரைத் தேர்ந்தெடுத்தது தப்பா, அவருக்குப் பொறுமையாக நேரம் கொடுக்காதது தப்பா? கால்பந்தில் இந்தக் கேள்விக்கு ஒரே வருஷத்தில் பதில் தேடினால் கிடைக்காது.

மற்ற டிஃபெண்டர்கள் கதை?

மால்தினி தனி ஆள் இல்லை. டிஃபெண்டராக ஆடி நிர்வாகத்துக்குப் போனவர்களை மூணு வகையாகப் பிரிக்கலாம்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்: பிரான்சின் எரிக் அபிடால் 2018ல் பார்சிலோனா ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆனார். 2020 பிப்ரவரியில் வீரர்களின் உழைப்பு குறித்து அவர் பேசியதற்கு மெஸ்ஸியே பொதுவெளியில் பதில் கொடுத்தார். அதே ஆகஸ்டில் பேயர்ன் மியூனிக்கிடம் 8-2 தோல்வி. சில நாட்களில் அபிடாலும் வெளியேறினார்.

அடியில் இருந்து வேலை செய்பவர்: 2014ல் ஜெர்மனியோடு உலகக் கோப்பை வென்ற பெர் மெர்டசாக்கர், 2018ல் ஆர்சனல் அகாடமியின் பொறுப்பை எடுத்தார். கோப்பைக்கான நெருக்கடி குறைவு, பல வருஷம் நின்று வேலை செய்ய முடிந்தது.

தானே முதலாளி ஆனவர்: ஸ்பெயினின் ஜெரார்ட் பிக்கே, ஆடிக்கொண்டிருக்கும்போதே 2018ல் தன் நிறுவனம் மூலம் அன்டோரா கிளப்பை வாங்கினார். 2022ல் அந்த அணி ஸ்பெயினின் 2வது டிவிஷனுக்கு ஏறியது. தோற்றாலும் ஜெயித்தாலும் அவரை யாரும் அனுப்ப முடியாது.

மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும். திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். யார் எவ்வளவு நாள் நிற்கிறார் என்பதை முடிவு செய்வது அவர் உட்கார்ந்திருக்கும் இடம்தான்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014ல் சென்னையின் எஃப்சி அணியில் உலகப் புகழ் டிஃபெண்டர்கள் மூணு பேர் இருந்தார்கள். மார்கோ மாட்டராஸி ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். நெஸ்டா வந்தார். மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிய மிக்கேல் சில்வெஸ்டரும் இருந்தார். சில்வெஸ்டர் அதன் பிறகு தான் வளர்ந்த பிரான்சின் ரென் கிளப் நிர்வாகத்துக்குப் போனார்.

2015ல் மாட்டராஸி பயிற்சியில் சென்னை சாம்பியன். 2018 மார்ச்சில் இரண்டாவது பட்டம். பெங்களூருவுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தவர் மைல்சன் ஆல்வெஸ், அவரும் டிஃபெண்டர்.

2019ல் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்ற கடைசி ஆட்டத்தில் டிஃபெண்டர் கவுரவ் போரா இரண்டு கோல் போட்டார். அந்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நம்ம ஊர் கால்பந்துக்கு விடிவு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வென்று மூணு வருஷம்கூட ஆகவில்லை.

2025 ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. காரணம் மைதானத்தில் இல்லை. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையேயான ஒப்பந்தம் முடிகிற நிலையில், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. சீசன் எப்போது என்பதே தெரியாமல் வீரர்கள் காத்திருந்தார்கள்.

மிலனில் முதலாளி மாறினார், டைரக்டர் போனார், ஆனால் கிளப் நிற்கிறது. இங்கே முதலாளி கையை விட்டால் கிளப்பே நின்றுவிடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய அடுக்கு, அதாவது அகாடமி, டெக்னிக்கல் டைரக்டர், ஊர் ஊராக ஆள் தேடும் தேர்வாளர்கள், இன்னும் பலமாகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த முன்னாள் இந்திய வீரர் சையது சபீர் பாஷா, சென்னையின் எஃப்சி உதவிப் பயிற்சியாளராக இருந்து, அகில இந்தியக் கூட்டமைப்பின் டெக்னிக்கல் டைரக்டர் பொறுப்பு வரை போனார். அவர் டிஃபெண்டர் இல்லை, கோல் போடுபவர். ஆனால் ஆடி முடித்த ஒரு தமிழ்நாட்டு வீரர் அந்த நாற்காலிக்குப் போக முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

சரி, இதுல தர்மபுரிக்கு என்ன?

தமிழ்நாட்டில் கால்பந்து என்றால் வியாசர்பாடி நினைவுக்கு வரும், கன்னியாகுமரியின் தூத்தூர் நினைவுக்கு வரும். தர்மபுரி வராது. ஆனால் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

நாமக்கல்லில் பிறந்த டிஃபெண்டர் நல்லப்பன் மோகன்ராஜ். மோகன் பகான் போன்ற பெரிய கிளப்பில் ஆடியவர். 2014ல் ஐ.எஸ்.எல். முதல் கோப்பையை வென்ற அட்லெட்டிகோ டி கொல்கத்தா அணியில் இருந்தவர். ஆனால் அந்த உயரத்துக்குப் போக கொல்கத்தா வரை போக வேண்டியிருந்தது.

தர்மபுரியில் இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். பெங்களூரு அதில் பாதிகூட இல்லை. அரூரிலோ பென்னாகரத்திலோ நன்றாக ஆடும் ஒரு 14 வயசுப் பையனுக்கு, பொண்ணுக்கு, பள்ளிப் போட்டி இருக்கிறது, முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. அதற்கு மேல் தொடர்ச்சியாக ஆட, யாராவது பார்த்துத் தேர்ந்தெடுக்க, ஊரை விட்டுத்தான் போக வேண்டும்.

"ஃபுட்பால் ஆடி என்னடா பண்ணப்போற?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொதுவாக ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கை 35 வயசுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 30 வருஷம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில், ஆட்டத்தைச் சுற்றி இருக்கும் வேலைகள். இந்தியாவில் பயிற்சியாளர் ஆக டி லைசென்ஸ் போன்ற தொடக்கப் படிகளில் ஆரம்பித்து சி, பி, ஏ, புரோ என்று மேலே போகலாம். நடுவர் பயிற்சி தனி. ஆசியக் கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் விதிகள்படி, பெரிய கிளப் ஒவ்வொன்றும் இளைஞர் அணிகளின் மேம்பாட்டுக்கென தனியாக ஒரு பொறுப்பாளரை வைத்திருக்க வேண்டும். நிதி, பாதுகாப்பு, ஊடகம் என்று மற்ற பொறுப்புகளுக்கும் ஆள் காட்ட வேண்டும்.

அதாவது விதியில் நாற்காலி இருக்கிறது. அதில் ஆட்டம் தெரிந்தவர் உட்காருகிறாரா, அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு கிளப் பெரிய பயிற்சியாளரை அறிவிக்கும்போது, பெரிய வெளிநாட்டு வீரரைக் கொண்டு வரும்போது செய்தி பெரிசாக வரும். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் கூடவே மூணு கேள்வியைக் கேளுங்கள்.

1. இந்த கிளப்பில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது? அவர் பெயரை கிளப் வெளியில் சொல்கிறதா?
2. பயிற்சியாளர் போனால் அவரும் போய்விடுவாரா, இருப்பாரா?
3. சென்னை, கோவையைத் தாண்டி, தர்மபுரி மாதிரி மாவட்டங்களில் ஆட்டம் பார்க்க அவர்கள் ஆள் அனுப்புகிறார்களா?

மால்தினிக்கு அவர் அப்பா கேப்டனாக இருந்த கிளப் இருந்தது, அகாடமி இருந்தது, 902 ஆட்டங்களின் மரியாதை இருந்தது. அவ்வளவு இருந்தும் முதலாளி ஒரு நாளில் அனுப்ப முடிந்தது. இதெல்லாம் எதுவும் இல்லாத நம்ம ஊர் வீரருக்கு, ஆடி முடித்த பிறகு ஒரு நாற்காலி கிடைக்க வேண்டுமென்றால், அது யாரோ ஒரு முதலாளியின் பெருந்தன்மையை நம்பி இருக்கக் கூடாது. கிளப் விதியிலும் ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டு இருக்க வேண்டும்.